நல்ல தண்ணி, உப்புத் தண்ணி: சென்னைக் குழாய்களின் கதை

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் இரண்டே வகைதான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணி மற்ற எல்லாவற்றுக்கும். இந்தப் பிரிவு எவ்வளவு பழசு என்பதை ஊர்ப் பெயர்களிலேயே பார்க்கலாம். ஊருக்கு ஊர் நல்லதண்ணிக் கிணறு, நல்லதண்ணிக் குளம் இருக்கு. மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளில் ஒன்றின் பெயர் நல்லதண்ணித் தீவு. இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறத் தொடங்கும் ஊரின் பெயரும் நல்லதண்ணிதான். குடிக்கிற மாதிரி தண்ணி கிடைப்பது ஒரு இடத்துக்குப் பெயராகவே நின்றுவிடும் அளவுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கு.

சென்னையில் நான் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் இன்றைக்கு நான்கு வகைத் தண்ணி வருது. பாத்ரூமுக்கு போர் தண்ணி. சமையலறைக் குழாய்க்கு மெட்ரோ வாட்டர். கோடையில் சம்ப்பில் லாரி தண்ணி. குடிக்க கேன் தண்ணி. நான் சாஃப்ட்வேர் ஆள், நீரியல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் நான்கு தண்ணி எப்படி வந்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில், நகரத்தின் 250 வருஷக் கதையே குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருப்பது தெரிந்தது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

எந்த உப்பு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'உப்புத் தண்ணி' என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கு. ஒன்று உப்புக் கரிப்பு. இதற்குக் காரணம் பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு. இன்னொன்று கடினத்தன்மை. இதற்குக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும். நாக்குக்குத் தெரிவது முதலாவது. சோப்புக்கும் கீசருக்கும் ஷவருக்கும் தெரிவது இரண்டாவது.

பலர் வீட்டில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். அது அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. அதை வைத்து மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டும். அதில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு சோடியம் என்று அதற்குத் தெரியாது. 'சாஃப்டனர்' போட்ட தண்ணியையும் போடாத தண்ணியையும் அந்த மீட்டரில் வைத்தால் எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். மெஷின் வேலை செய்யலைன்னு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. மெஷின் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்குது. மொத்தக் கணக்கு மாறுவதில்லை.

கடினத்தன்மையை அளக்க சொட்டு மருந்து மாதிரி ஒரு கிட் கிடைக்கும். தண்ணியில் ஒரு சாயத்தைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். பிறகு இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கால்சியமும் மெக்னீசியமும் பிடிபட்டு முடியும் நேரத்தில் நீலமாக மாறும். எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. சுவிட்சர்லாந்தின் ஜெரால்ட் ஷ்வார்ட்ஸன்பாக் 1940-களில் உருவாக்கிய முறை இது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500, 2012-ல் திருத்தியது) குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம். வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் போர் தண்ணி கோடையில் அந்த 600-ஐத் தொடும்.

சோப்பு வந்தபிறகு வந்த பிரச்சினை

கடினத்தன்மை என்ற கருத்தே சோப்பு வழியாகத்தான் அறிவியலுக்குள் வந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், சோப்புக் கரைசலைத் தண்ணியில் ஊற்றிக் குலுக்கி, நுரை ஐந்து நிமிடம் நிற்க எவ்வளவு சோப்பு செலவாகுது என்று பார்த்து கடினத்தன்மையை அளந்தார். கிளார்க் டிகிரி என்ற அளவும் அவர் பெயரில் வந்தது. ஒரு கிளார்க் டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம். 1841-ல் கடினத்தைக் குறைக்கும் முறைக்கு அவர் காப்புரிமை வாங்கினார். தண்ணியில் சுண்ணாம்பைக் கலந்தால் ஏற்கெனவே கரைந்திருக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். சுண்ணாம்பைப் போட்டுச் சுண்ணாம்பை எடுப்பது. கேட்க விநோதமாக இருந்தாலும் பெரிய நீர்நிலையங்களில் இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கு.

சோப்பை ஏன் அளவுகோலாக வைத்தார்? செலவு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பிசுக்காகிவிடும். ஒரு கிராம் கடினத்தன்மை கிட்டத்தட்ட 6 கிராம் சோப்பைச் சாப்பிட்டுவிடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினம் உள்ள தண்ணி 15 லிட்டர் பக்கெட்டில் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் 4.5 கிராம் கடினம். அந்த பக்கெட் முழுவதும் நுரை வரணும்னா முதல் 27 கிராம் சோப்பு வீண். 600 என்றால் 54 கிராம். பாதி சோப்புக் கட்டி நுரைக்கு முன்னாடியே காலி.

சோப்பு வருவதற்கு முன் நம் வீடுகளில் என்ன செய்தார்கள்? தலைக்குச் சீயக்காய், துணிக்குப் பூந்திக்கொட்டை. இவற்றில் நுரை தருவது சபோனின். அது சோப்பைப்போல கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. அதனால் உப்புத் தண்ணியிலும் வேலை செய்யும். சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் பயன்படுத்தினார்கள். அந்த மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கு, அதாவது சலவைச் சோடா. அது கால்சியத்தைப் படியவைத்துத் தண்ணியை மென்மையாக்கிவிட்டு அழுக்கையும் எடுக்கும். பாத்திரத்துக்கு அடுப்புச் சாம்பல். அதில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், அதே வேலைதான். வேதியியல் பெயர் தெரியாமலேயே, கடின நீரோடு வாழ்வதற்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்.

சோப்பு அந்த ஏற்பாட்டை உடைத்தது. பிறகு டிடர்ஜெண்ட் வந்து பாதியை ஒட்டவைத்தது. சர்ஃப் இந்தியாவுக்கு 1959-ல் வந்தது, நிர்மா 1969-ல். சலவைப் பவுடரில் சலவைச் சோடா ஒரு முக்கியமான சரக்கு. உவர்மண்ணின் வேலை பாக்கெட்டுக்குள் போய்விட்டது என்றே சொல்லலாம். அதனால்தான் உப்புத் தண்ணியில் துணி துவைக்கிற கஷ்டம் முன்பு போல இல்லை, குளிக்கிற கஷ்டம் மட்டும் அப்படியே இருக்கு.

ஒரே குழாய் என்ற வாக்குறுதி

இப்போ நகரத்துக்கு வருவோம். கடற்கரை மணலில் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆரம்பம் முதலே தண்ணிதான் தலைவலி. கோட்டைக்குள் நல்ல தண்ணி போதவில்லை. 1772-ல் கோட்டைக்கு வடக்கே பெத்தநாயக்கன்பேட்டையில் கிணறுகளை வெட்டி, அங்கிருந்து கோட்டைக்குத் தண்ணி கொண்டுபோகும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்த இடம்தான் இன்றைய ஏழு கிணறு. கவனிங்க, இதுவும் அந்தப் பழைய பிரிவுதான். நல்ல தண்ணி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும், அதை அங்கிருந்து தூக்கி வரணும். நகரத்தின் மற்ற மக்களுக்கு அவரவர் தெருக் கிணறு, கோயில் குளம்.

அடுத்த நூறு வருஷத்தில் கதை மாறியது. 1866-ல் ஃப்ரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் போட்டார். கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, தண்ணியைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து, வார்ப்பிரும்புக் குழாய்களில் நகரத்துக்கு விடுவது. 1872-ல் இது நடைமுறைக்கு வந்தது. வடிகட்டாத தண்ணி, திறந்த கால்வாய், கலங்கலாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஒரு அடிப்படை மாற்றம் நடந்தது. நகரம் கிணற்றிலிருந்து ஏரிக்கு மாறியது.

ஏரித் தண்ணி என்பது பெரும்பாலும் மழைத் தண்ணி. பாறையிலும் மண்ணிலும் வருஷக்கணக்கில் ஊறிக் கால்சியத்தைக் கரைத்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் கிணற்றுத் தண்ணியைவிடக் கடினம் குறைவு. 1914-ல் ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரின் திட்டத்தில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன, கால்வாய்க்குப் பதில் மூடிய கட்டுமானம் வந்தது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மேயராக அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இந்த எல்லாத் திட்டங்களுக்கும் பின்னால் சொல்லாமல் சொன்ன ஒரு வாக்குறுதி இருந்தது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாத்துக்கும் ஒரே குழாய், ஒரே தண்ணி. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்ற பிரிவே வீட்டுக்குத் தேவையில்லை என்ற கனவு அது. நகரத்தின் பழைய பகுதிகளில் ஓரளவுக்கு நனவும் ஆனது.

திரும்பவும் நிலத்தடிக்கு

நகரம் குழாயைவிட வேகமாக வளர்ந்தது. 1960-களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு ஒன்று, ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் நல்ல நிலத்தடி நீர் இருப்பதைக் காட்டியது. அங்கிருந்து தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் உறிஞ்சினார்கள். விவசாயிகளும் உறிஞ்சினார்கள். மீஞ்சூர் பக்கம் கடல் உள்ளே வந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன வேதியியல். எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இது. கடல் தண்ணி உள்ளே வந்தால் உப்புக் கரிப்பு கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். கடினமும் கூடும். கடல் தண்ணியிலேயே லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேல் கடினம் இருக்கு, பெரும்பகுதி மெக்னீசியம். நூற்றில் ஐந்து பங்கு கலந்தாலே 300 கூடிவிடும். அது மட்டும் இல்லை. களிமண்ணில் காலங்காலமாகக் கால்சியம் ஒட்டியிருக்கும். கடல் தண்ணியின் சோடியம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தைத் தண்ணிக்குள் தள்ளிவிடும். வீட்டு சாஃப்டனர் தெரியும் இல்லையா? அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுது. பூமிக்கு அடியில் அதே மெஷின் தலைகீழாக ஓடுது.

நகரத்துக்குள்ளேயும் மக்கள் பூமியைத் துளைக்க ஆரம்பித்தார்கள். 1960-களின் இறுதி வறட்சிக் காலத்துக்குப் பின் பாறையை வேகமாகத் துளைக்கும் ரிக்குகள் இந்தியாவில் பரவின. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்று நாடு முழுக்க ஓடுது. கைபம்ப் என்றால் நம் கண்ணில் வரும் இந்தியா மார்க் 2 மாடல் 1970-களில் சென்னையிலேயே தயாரானது. அதன்பின் வீட்டுக்கு வீடு சப்மெர்சிபிள் மோட்டார்.

எங்கே துளைத்தாய் என்பதைப் பொறுத்துத் தண்ணி மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரை மணலில் மேலாகத் தங்கும் மழைநீர் நல்ல தண்ணி. அதிகமாக உறிஞ்சினால் கீழே இருக்கும் கடல் தண்ணி மேலே ஏறும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோக்கைட் பாறை. (கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதனால் இந்தப் பெயர்.) பாறை இடுக்குகளில் தேங்கும் தண்ணி பெரும்பாலும் கடினமாகத்தான் இருக்கும்.

நகரம் விரிந்த பகுதிகளுக்குக் குழாய் தாமதமாக வந்தது, சில இடங்களுக்கு இன்னும் வரவில்லை. குடிநீர் வாரியம் 1978-ல் உருவானது. நிலத்தடி நீரை எடுக்க அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1987-ல் வந்தது. கிருஷ்ணா தண்ணி 1996-ல் பூண்டியைத் தொட்டது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. 2004-ல் வீராணம். 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். ஒவ்வொன்றும் பெரிய வேலைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்தது ஞாபகம் இருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்லணும். கடல்நீரை ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்தால் கால்சியம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். அப்படியே குழாயில் விட்டால் அந்தத் தண்ணி குழாயையே அரிக்கும். அதனால் இந்த மாதிரி நிலையங்களில் கடைசியாகக் கொஞ்சம் சுண்ணாம்பைத் திரும்பச் சேர்ப்பார்கள். கிளாஸ்கோ நகரத்துக்கு 1859-ல் லாக் கேட்ரின் ஏரியிலிருந்து மிக மென்மையான தண்ணி வந்தது. சோப்பு மிச்சம்தான். ஆனால் அந்தத் தண்ணி வீடுகளின் ஈயக் குழாய்களைக் கரைத்தது, நூறு வருஷம் கழித்தும் அதைச் சரிசெய்யச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டியிருந்தது. கடினம் பூஜ்யமாக இருப்பது நல்லது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

வீட்டுக்குள் நடப்பது

கடினத்தில் ஒரு பகுதி பைகார்பனேட்டாக இருக்கும். சூடாக்கினால் அது சுண்ணாம்பாகப் படியும். பள்ளியில் தற்காலிகக் கடினத்தன்மை என்று படித்தது இதைத்தான். ஒரு வீட்டில் தினம் 100 லிட்டர் வெந்நீர், அதில் இந்த வகைக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால், நாளுக்கு 20 கிராம். வருஷத்துக்கு 7 கிலோவுக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு கீசருக்குள் தங்கினாலே முக்கால் கிலோ. காயிலின் மேல் அது போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். சூடு தண்ணிக்குப் போகாமல் காயில் எரியும்.

பருப்பு வேகாததற்கும் இதுதான் காரணம். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இன்னும் இறுக்கமாகப் பிணைக்கும். அதனால்தான் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடுவது. டீயின் மேல் மெல்லிய ஆடை மாதிரி ஒரு படலம் மிதப்பதும் கடினத்தின் வேலை.

தோல், முடி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேணும். சோப்புப் பிசுக்கு முடியில் ஒட்டுவதால் சொரசொரப்பாகும், சிக்கு விழும். இது கண்கூடு. எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு சாஃப்டனர் உதவுமா என்று பிரிட்டனில் 336 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு சாஃப்டனரும் சேர்ந்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. குடிப்பதைப் பொறுத்தவரை, உடல்நலத்தை முன்னிட்டுக் கடினத்தன்மைக்கு உச்சவரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை.

இதை ஏன் சொல்றேன்னா, நம் பயத்தை வைத்துத்தான் வியாபாரம் நடக்குது. வீட்டுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு கம்பிகளைக் குழாய்த் தண்ணியில் விட்டு கரண்ட் கொடுப்பார். தண்ணி பழுப்பாகிச் சேறு மாதிரி திரளும். "இதைத்தான் சார் குடிக்கிறீங்க" என்பார். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. ஆர்.ஓ. தண்ணி கரண்டை அதிகம் கடத்தாது, அதனால் தெளிவாக நிற்கும், அவ்வளவுதான். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை, தடைசெய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டதும் இதனால்தான். ஆர்.ஓ. மெஷின் கொடுக்கிற தண்ணியைவிடக் கொட்டுகிற தண்ணி பல வீடுகளில் அதிகம்.

இருபது கிலோ உப்பு

எங்கள் அபார்ட்மெண்டில் 40 வீடு. எல்லா லைனுக்கும் பொதுவாக ஒரு சாஃப்டனர் போடலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. விலை சொன்னார்கள், பராமரிப்புச் செலவு சொன்னார்கள். உப்பு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

சாஃப்டனரில் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தால் நிரம்பியதும் உப்புத் தண்ணியால் கழுவி மறுபடி சோடியத்தை ஏற்றணும். ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் 1905 வாக்கில் இந்த வழியைக் காட்டியதிலிருந்து அடிப்படை மாறவே இல்லை. வீட்டுக்கு 500 லிட்டர் என்று வைத்தால் 40 வீட்டுக்கு 20,000 லிட்டர். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினம் என்றால் தினம் 10 கிலோ. அதை வெளியேற்ற, ஏட்டுக் கணக்குப்படியே 11.7 கிலோ உப்பு. நடைமுறையில் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். அதாவது தினம் 20 கிலோவுக்கு மேல், மாதம் அரை டன்னுக்கு மேல். கழுவிய தண்ணி எங்கே போகும் என்று கேட்டேன். விற்க வந்தவர் வரைபடத்தில் கைவைத்துக் காட்டிய இடம் எங்கள் மழைநீர்க் குழி.

அந்தக் குழியிலிருந்து 30 அடியில் எங்கள் போர். மீஞ்சூரில் கடல் செய்ததை எங்கள் காம்பவுண்டுக்குள் நாங்களே காசு கொடுத்துச் செய்ய இருந்தோம்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்க சரித்திரமெல்லாம் சரி. என் பொண்ணு தலைகுளிச்சா சீப்பு இறங்க மாட்டேங்குது. அதுக்கு என்ன பதில்?" என்றார். நியாயமான கேள்வி. உப்புத் தண்ணியோடு வாழும் கஷ்டம் நிஜம், வரலாறு சொல்லி அதை மறைக்க முடியாது.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அக்காவும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னார். "உங்க வீட்டுத் தண்ணியில டம்ளர் கழுவினா வெள்ள வெள்ளையா நிக்குது சார். ரெண்டு தடவ தேய்க்கணும். எங்க தெருவுல அந்தத் தொல்லை இல்ல." அவர் தெருவில் போர் இல்லை. மெட்ரோ லாரி வந்து தெருமுனைத் தொட்டியை நிரப்பும். வரிசையில் நின்று குடத்தில் பிடிப்பார். ஏரித் தண்ணி. கடன் வாங்கி ஃபிளாட் வாங்கிய எங்களுக்கு உப்புத் தண்ணி, அவருக்கு நல்ல தண்ணி. ஆனால் அதற்கு அவர் கொடுக்கும் விலை தினம் ஒரு மணி நேரம், எட்டுப் பத்துக் குடம் தூக்கும் இடுப்பு. இரண்டு வீட்டிலும் கடினத்தின் பாரம் கடைசியில் அவர் கைக்குத்தான் வருது.

கடைசியில் கூட்டத்தில் முடிவானது இது. ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் மென்னீர் தேவையில்லை, அவை தனி லைன். குளியலறை, வாஷிங் மெஷின் லைனுக்கு மட்டும் சாஃப்டனர். அதையும் கடினம் சுத்தமாகப் போகிற அளவுக்கு ஓட்டாமல், மென்மையாக்கிய தண்ணியோடு கொஞ்சம் போர் தண்ணியைக் கலந்து 150 வாக்கில் வைப்பது. கழுவிய உப்பு குழிக்குப் போகாது, சாக்கடை இணைப்புக்குப் போகும். அங்கேயும் அது மறைந்துவிடாது, உப்பு எங்கே போனாலும் உப்புதான். அதனால்தான் அளவைக் குறைத்தோம். மழைநீர்க் குழியைப் பருவமழைக்கு முன் தூர்வாருவது. நான் கேட்டது சாஃப்டனரே வேண்டாம் என்பது. கிடைத்தது இது. உப்புச் செலவு முதலில் போட்ட கணக்கில் பாதிக்கும் கீழே.

ஒரு நோட்டு

செங்குன்றம் தண்ணிக்கு 150 வருஷத்துப் பதிவுகள் உண்டு. எவ்வளவு மழை, எவ்வளவு மட்டம், எந்தத் திட்டம், யார் பொறியாளர் எல்லாம் எழுத்தில் இருக்கு. அது பொதுத் தண்ணி, அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆபீஸ் இருந்தது. நம் காம்பவுண்டுக்குள் இருக்கும் போருக்கு அப்படி எதுவும் இல்லை. போட்ட வருஷம், ஆழம், அன்றைக்குத் தண்ணி எப்படி இருந்தது என்று கேட்டால் "அப்போ நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். தனித்தனியாகப் பூமியைத் துளைத்தோம், தனித்தனியாக மெஷின் வாங்கினோம், ஆனால் கீழே இருப்பது ஒரே தண்ணி.

எங்கள் மோட்டார் ரூமில் இப்போ ஒரு நோட்டு தொங்குது. மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு, சொட்டுக் கிட்டில் போர் தண்ணியின் கடினம், மீட்டரில் டி.டி.எஸ்., நீர்மட்டம், அந்த மாதம் வாங்கிய உப்பு மூட்டை. வாட்ச்மேன் அண்ணன்தான் பெரும்பாலும் எழுதுகிறார், என்னைவிட ஒழுங்காக. மழைக்குப் பின் எண் இறங்குவதும் ஏப்ரலில் ஏறுவதும் கண்ணால் பார்க்கும்படி இருக்கு. கூட்டத்தில் இப்போ வாதம் வந்தால் நோட்டைத்தான் எடுத்து வருகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் போர் இருந்தால் இதைச் செய்யுங்க. கிட் விலை சில நூறு ரூபாய்தான். தேதி போடுங்க, போரின் ஆழத்தையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க. பக்கத்து அபார்ட்மெண்ட்காரரையும் ஒரு நோட்டு போடச் சொல்லுங்க. ஒரு தெருவில் நான்கு நோட்டு இருந்தால், அந்தத் தெருவுக்கு அடியில் என்ன நடக்குதுன்னு முதல்முறையாக நாலு பேருக்குத் தெரியும்.